பானட்டுக்குள் ஒரு கிறீச்: கார் கேள்வி பதில்

தீபாவளி முடிந்து மழை பிடித்துவிட்டால் நம் தென்னாப்பிரிக்க நேட்டால் கரையில் கார்கள் கீச்சிடத் தொடங்கிவிடும். இந்த மாதத் தபாலில் பெரும்பகுதி கிறீச்சொலி பற்றியதுதான். எழுதியவர்களில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களே அதிகம். இதில் வியப்பில்லை. புதிய கார்க்காரர் சத்தம் கேட்டவுடன் டீலரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்; பழைய கார்க்காரர்தான் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறார். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கியர்பாக்ஸ் ஆயில் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள்க.

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா 1992-இல் வாங்கிய பி.எம்.டபிள்யூ. 325 ஐ.எஸ். கார் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் காலமான பிறகு சில ஆண்டுகள் கராஜிலேயே மூடிக் கிடந்தது. போன ஆண்டு பேட்டரியைச் சார்ஜ் செய்து, ஆயில் மாற்றி, நானே ஓட்டத் தொடங்கினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் கிளம்புகிறது. தெரு நாய்கள் எல்லாம் குரைக்கின்றன. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மழை பெய்த காலைகளில் இன்னும் மோசம். மாலையில் அம்ஷ்லங்காவிலிருந்து விளக்குப் போட்டுக்கொண்டு திரும்பும்போது, ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) சிவப்புக்கு நின்றால் மறுபடியும் லேசாகக் கேட்கிறது. பெல்ட்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. கடைசியாகப் பார்த்த மெக்கானிக் பெல்ட்டை இறுக்கிக் கட்டினார். சில நாள் சத்தமில்லை, பிறகு வந்துவிட்டது. இப்போது வாட்டர் பம்பை மாற்றச் சொல்கிறார். என் அத்தானோ பச்சை சோப்புக் கட்டியைப் பெல்ட்டில் தேய்த்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, டோங்காட்

பதில்: முதலில் அத்தான் கையிலிருந்து அந்த சோப்பை வாங்கிக் குளியலறையில் வைத்துவிடுங்கள், மகளே. சோப்புத் தேய்த்தால் சத்தம் நிற்கும், உண்மைதான். பெல்ட் வழுக்குவது நிற்காது. ஓசையில்லாமல் வழுக்கும், அவ்வளவுதான். காய்ந்தபின் அதன் படலம் தூசியைப் பிடித்து இறுகி, பெல்ட்டின் பக்கங்களைக் கண்ணாடிபோல் மழுங்கடித்துவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, சத்தம் எப்போதெல்லாம் வருகிறது என்று வரிசையாக எழுதியிருப்பது. பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் "இங்கிருந்து வருகிறது" என்று பானட்டின் ஏதோ ஒரு மூலையைச் சுட்டிக்காட்டுவார்கள். கூர்மையான ஓசை இரும்பிலும் தகட்டிலும் பட்டு எதிரொலிக்கும். இடது பக்கம் கிளம்பியது வலது பக்கம் கேட்கும். இடத்தைச் சொல்பவரைவிட வேளையைச் சொல்பவரே எனக்கு உதவுகிறார்.

உங்கள் வேளைகளைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் என்ன நடக்கிறது? ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து பெரிய வாய் மின்சாரத்தைக் குடித்துவிட்டது. அதை ஈடுகட்ட, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் உழைக்கிறது. உழைக்கிற ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது கடினம், பெல்ட்டுக்குப் பாரம் அதிகம். கொஞ்ச நேரத்தில் பேட்டரி நிறைகிறது, பாரம் குறைகிறது, சத்தம் அடங்குகிறது. மாலையில் விளக்கு எரிகிறது, என்ஜின் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி மெதுவாக, ஓடுகிறது, மீண்டும் பாரம். மழைக் காலையில் இதே கதைதான், கூடவே ஈரம். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது சத்தம் வருவதாக நீங்கள் எழுதவில்லை. ஏ.சி. போட்டால் வருவதாகவும் எழுதவில்லை. உங்கள் என்ஜினில் இந்த இரண்டுக்கும் தனித்தனி பெல்ட்டுகள் உண்டு. அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். குற்றவாளி, ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிற அந்த ஒற்றை வி-பெல்ட்டின் பாதையில் இருக்கிறது.

பெல்ட்டையே இரண்டு முறை மாற்றியாகிவிட்டதே என்பீர்கள். அதனால்தான் பெல்ட்டின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இறுக்கினால் சில நாள் நின்று, பிறகு திரும்புகிறது என்றால், இறுக்கத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கிறது. இந்த மாடலில் அது ஏறக்குறைய எப்போதும் ஆல்டர்னேட்டரின் ரப்பர் புஷ்கள்தான், அதாவது போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறைகள்.

பி.எம்.டபிள்யூ.வின் இந்தப் பழைய 3 சீரிஸ் உடலில் ஆல்டர்னேட்டர் நேரடியாக இரும்போடு இரும்பாகப் பூட்டப்படவில்லை. அதைத் தாங்கும் போல்ட்டுகள் ரப்பர் புஷ்களின் வழியாகச் செல்கின்றன. என்ஜின் சூட்டிலும் கசியும் ஆயிலிலும் ஆண்டுக்கணக்கில் ஊறிய ரப்பர் என்ன ஆகும்? பெல்ட் இழுக்கிற பக்கமாக ஆல்டர்னேட்டர் தலையைச் சாய்த்துவிடும். சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியும் சேர்ந்து சாய்வதால் பெல்ட் அதன் பள்ளத்துக்குள் நேராக இறங்காமல் ஒரு பக்கச் சுவரில் உராய்ந்துகொண்டே நுழைகிறது. பாரம் ஏற ஏற இழுப்பும் சாய்வும் கூடும், கிறீச்சொலி கிளம்பும். மெக்கானிக் இறுக்கினால் இற்றுப்போன ரப்பர் இன்னும் கொஞ்சம் நசுங்கி, சில நாளில் பழைய தளர்ச்சிக்கே வந்து சேரும்.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். என்ஜின் நன்றாக ஆறியபின், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆல்டர்னேட்டரை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். மரக்கட்டைபோல் நின்றால் புஷ் நன்றாக இருக்கிறது. லேசாக முனகிக்கொண்டு அசைந்தால் விடை கிடைத்துவிட்டது. டார்ச் அடித்து, போல்ட்டின் தலைக்குப் பின்னால் பாருங்கள். கறுப்பு ரப்பர் துருத்திக்கொண்டு தெரியும். விரலால் தடவினால் உதிர்ந்து மைபோல ஒட்டும். புல்லியைச் சுற்றியும் பானட்டின் அடியிலும் கறுப்புப் பொடி கோடாகப் படிந்திருந்தால் அது உங்கள் புதிய பெல்ட் தேய்ந்து விழுந்த தூள். புல்லிப் பள்ளத்தின் அடியையும் கவனியுங்கள். வி-பெல்ட் பள்ளத்தின் இரு சுவர்களையும் கவ்விக்கொண்டுதான் இழுக்க வேண்டும். பள்ளத்தின் அடித்தளம் பளபளவென்று தேய்ந்திருந்தால், பெல்ட் அடிவரை இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கடைக்காரர் அகலம் குறைந்த பெல்ட்டைத் தலையில் கட்டியிருக்கலாம்.

இன்னொரு சோதனை, சத்தம் வரும்போதே செய்வது. துணி துவைக்கும் தெளிப்பான் போத்தலில் வெறும் தண்ணீர் எடுத்து, எட்ட நின்று, பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தெளியுங்கள். சத்தம் சட்டென்று நின்று சில நொடியில் திரும்பினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. துப்பட்டா, தளர்ந்த கூந்தல், தொங்கும் சங்கிலி எதுவும் அருகில் போகக் கூடாது. உங்கள் காரின் விசிறி வாட்டர் பம்பின் முனையிலேயே சுற்றுகிறது, அது மன்னிக்காது. அத்தானை அனுப்புவதானால் அவருடைய டையையும் கழற்றச் சொல்லுங்கள்.

புஷ்கள் விலை குறைந்த சாமான். ரப்பரிலேயே புதிது போடலாம். பாலியூரித்தேனிலும் கிடைக்கிறது, அது நீண்ட நாள் உழைக்கும். போடுகிறவரிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஆல்டர்னேட்டருக்குத் தனியாக ஓர் எர்த் வயர் உண்டு. அதைத் திரும்பப் பூட்டாமல் விட்டால் சார்ஜ் ஏறாது; அடுத்த மாதம் வேறொரு புகாரோடு எனக்கு எழுதுவீர்கள். எல்லாம் பூட்டியபின் பெல்ட்டின் நீண்ட ஓட்டத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழக் கூடாது. வீணைத் தந்திபோல் முறுக்கவும் கூடாது. அதிக இறுக்கம் ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் வாட்டர் பம்ப் பேரிங்கையும் தின்றுவிடும்.

இப்போது வாட்டர் பம்பைப் பற்றி. உங்கள் மெக்கானிக் சொன்னது இந்தச் சத்தத்துக்கு மருந்தல்ல என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் இறுக்கிக் கட்டியதால் பம்பைப் பார்த்துவிடுவது நல்லது. என்ஜின் அணைந்திருக்கும்போது விசிறியின் எதிரெதிர் இலைகளைப் பிடித்து ஆட்டுங்கள். அச்சு தள்ளாடினால் பேரிங் போய்விட்டது. பம்பின் அடியில் கூலண்ட் காய்ந்த கறை இருந்தாலும் அதே முடிவுதான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்த்தால் சொரசொரப்பு விரலுக்கே தெரியும்.

பெல்ட் கழற்றியிருக்கும்போதே, அரை நிமிடம் மட்டும், என்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்கு மேல் வேண்டாம். சத்தம் அறவே இல்லை என்றால் இதுவரை எழுதியது எல்லாம் சரி. பெல்ட் இல்லாமலும் சத்தம் வந்தால், உடனே அணைத்துவிடுங்கள். அப்போது அது உள்ளே வால்வுகளை வேளைக்கு இயக்குகிற டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்காக இருக்கலாம். இந்த ஆறு சிலிண்டர் என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை அடித்துவிடும். வால்வு வளையும், ராக்கர் உடையும். அப்பா கடைசியாக எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு எதுவும் இல்லையானால், சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். இந்தப் பெல்ட்டுக்கு ஓடிய தூரம் மட்டும் கணக்கல்ல, நான்கு ஆண்டு ஆனாலே மாற்றுவது வழக்கம். கராஜில் சும்மா கிடந்த காலமும் அதில் சேரும். அந்த வேலைக்காக முன்பக்கத்தைப் பிரிக்கும்போது வாட்டர் பம்ப் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், அதையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் மெக்கானிக் தவறான காரணத்துக்காகச் சரியான சாமானைச் சொல்லியிருக்கிறார்.

பேட்டரியையும் ஒரு கண் பாருங்கள். பழைய பேட்டரியைச் சார்ஜ் செய்து ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரவு ஓய்ந்து நின்றபின் காலையில், ஸ்டார்ட் செய்யுமுன், 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது. பேட்டரி சோர்ந்திருந்தால் ஆல்டர்னேட்டர் தினமும் காலையில் தேவைக்கு மேல் உழைக்கும். புதிய புஷ்ஷும் சீக்கிரம் களைக்கும்.

இத்தனை நீளமாக எழுதியதற்குக் காரணம் கார்தான். 325 ஐ.எஸ். நம் நாட்டுக்கென்றே, இங்கே 'குரூப் N' என்ற, கடையில் விற்கும் கார்களுக்கான பந்தயங்களில் ஓட வேண்டும் என்பதற்காக, 1990-இல் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்து ரோஸ்லின் ஆலையில் கட்டத் தொடங்கிய வண்டி. 2.7 லிட்டர், தொடக்கத்தில் 145 கிலோவாட். ஜெர்மனியில்கூட அப்படியே கிடைக்காது. டவுன்ஷிப்பில் குஷேஷே என்று செல்லப்பெயர் வைத்து, வட்டம் வட்டமாகச் சுழற்றி டயரை எரிக்கிறார்கள். மீதி இருப்பவற்றைத் திருடர்கள் தேடுகிறார்கள். உங்கள் அப்பா அதை ஒழுங்காக வைத்திருந்து உங்களிடம் விட்டிருக்கிறார். புஷ் மாற்றும்வரை தினமும் வேலைக்கு ஓட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஓட்டலாம், வெப்பமானியின் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. முள் சிவப்பை நோக்கி நகர்ந்தால் எந்த இடம் என்று பார்க்காமல் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். அலுமினியத் தலை சூடேறி வளைந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

கேள்வி: பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடி துடைக்கும் பையன் என் டட்சன் கூப்பேயின் பெல்ட் கத்துவதைக் கேட்டு, துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டான். இப்போது சத்தம் இரண்டு மடங்கு. என்ன செய்யலாம்?
– வாசகர், மெரிபேங்க்

பதில்: அந்தப் பெல்ட் செத்துவிட்டது. புதிது போடுங்கள். போடுமுன் எல்லாப் புல்லிகளின் பள்ளத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள், இல்லையேல் புதியதும் அதே எண்ணெயைக் குடிக்கும். பையனுக்கு டிப்ஸ் கொடுத்தீர்களா?

கேள்வி: அன்புள்ள ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். என்னுடைய 1971 எம்.ஜி.பி.யை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுப்பேன். குளிர்காலத்துக் காலையில் நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது டாஷ்போர்டின் உள்ளே சுண்டெலி மாட்டிக்கொண்டதுபோல் ஒரு கீச்சு. வேகத்தைக் கூட்டினால் கீச்சும் வேகமாகிறது. என்ஜினை நியூட்ரலில் முறுக்கினால் வருவதில்லை. வேகமானியின் முள்ளும் நடுங்குகிறது.
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆசிரியர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது, ஐயா, நீங்கள் கேள்வியோடு விடையையும் எழுதி அனுப்பிவிட்டீர்கள். நியூட்ரலில் முறுக்கினால் வரவில்லை, வண்டி நகர்ந்தால்தான் வருகிறது, வேகத்தோடு ஏறுகிறது, முள் நடுங்குகிறது. கியர்பாக்ஸிலிருந்து வேகமானிக்கு வரும் கேபிள் காய்ந்துபோயிருக்கிறது. வெளி உறைக்குள் சுற்றும் முறுக்குக் கம்பி குளிரில் உறையில் ஒட்டி, திமிறி, விடுபட்டு, மறுபடி ஒட்டுகிறது. முள் நடுங்குவதும் கீச்சு வருவதும் அந்த ஒரே திமிறலால்தான்.

வேகமானியின் பின்னால் இருக்கும் நட்டைக் கையால் கழற்றி, உள்கம்பியை உருவி எடுங்கள். மண்ணெண்ணெயில் துடைத்து, கம்பியை விரலுக்கிடையில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். எங்காவது துள்ளினால் கம்பி வளைந்திருக்கிறது, புதிதுதான் போட வேண்டும். இல்லையென்றால் மெல்லிய கிரீஸ் தடவித் திரும்பச் செருகுங்கள். வேகமானிப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸ் தடவாமல் விட்டுவிடுங்கள். கம்பி சுற்றும்போது கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் புகுந்தால் முள் மந்தமாகிவிடும். பூட்டும்போது கேபிள் கூர்மையாக மடங்காமல் அகலமாக வளைந்து செல்லட்டும். யாரோ ரேடியோ மாட்டும்போது அதை நெருக்கித் தள்ளியிருப்பதை இந்த வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் மாஸ்டா எம்.எக்ஸ்-5 முதல் தலைமுறை வண்டி. மெதுவாகப் போகும்போது பின்சக்கரத்தில் விசில்போல ஒரு சத்தம். பிரேக்கைத் தொட்டால் நின்றுவிடுகிறது! பிரேக் பிடித்தால் நிற்கிற சத்தம் பிரேக்கில் எப்படி இருக்க முடியும்? பேரிங் என்று நினைத்து வாங்கியும் வைத்துவிட்டேன்.
– வாசகர், லெனேசியா

பதில்: பேரிங்கைப் பெட்டியைப் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துப் பார், தம்பி. பேரிங் போனால் உறுமும், வளைவில் பாரம் மாறும்போது குரலும் மாறும். விசிலடிக்காது.

பிரேக்கைத் தொட்டால் நிற்கிறது என்பதே அது பிரேக்கில்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேடில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்த வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். நீ பிரேக்கை அழுத்தும்போது பேட் இறுகிப் பிடிக்கப்பட்டு, நாக்கின் அதிர்வு நின்றுவிடுகிறது. ஆகவே முதலில் பேடின் கனத்தைப் பார். உள்பக்கப் பேடைப் பார். வெளிப்பக்கத்தை மட்டும் சக்கரத்தின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்து "நிறைய இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் அதிகம்.

பேட் நன்றாகவே இருந்தால், பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிபர் நகர்வதற்கான ஊசிகளை (pin) பார்க்க வேண்டும். இந்த வண்டியின் பின்காலிபரில் கைப்பிரேக்கும் வேலை செய்கிறது. அந்த ஊசி துருவேறி இறுகினால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோ. டிஸ்க்கைத் தொடாதே. ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துக் காலிபரைப் பிரித்து, ஊசிகளைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கோன் கிரீஸ் தடவிப் பூட்டச் சொல். சாதாரணக் கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும். ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே பேட் மாற்ற வேண்டும் என்பதைக் கடைக்காரரே சொல்வார்.

கேள்வி: என் ஆல்ஃபா ஜி.டி.வி.6 காரில் கிளட்ச்சை அழுத்தினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து கிறீச்சென்று ஒலி வருகிறது. கிளட்ச் முன்னால் என்ஜினோடு அல்லவா இருக்கும்? என் மாமா "பின்னால் டிஃப்ரென்ஷியல் போய்விட்டது, விற்றுவிடு" என்கிறார்.
– வாசகர், லாடியம்

பதில்: மாமா வாங்கிக்கொள்வதாகச் சொன்னாரா? விற்காதீர்கள். உங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் பின்னச்சோடு சேர்ந்து பின்னால் இருக்கிறது, கிளட்ச்சும் அங்கேதான். எடை முன்னும் பின்னும் சமமாக விழ வேண்டும் என்று ஆல்ஃபா அப்படி வைத்தது. பின்சீட்டுக்கு அடியில் கிளட்ச் சத்தம் கேட்பது இந்த மாடலுக்கு இயல்பு. டிஃப்ரென்ஷியலுக்கு நீங்கள் கிளட்ச்சை அழுத்துவது தெரியாது; அது வண்டி ஓடும்போது முனகும்.

நின்றபடி, நியூட்ரலில், கிளட்ச்சை மெதுவாக அழுத்துங்கள். பெடல் லேசாகப் பாரம் பிடிக்கும் அந்த இடத்திலேயே சத்தம் தொடங்கினால், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மாறாக, பெடலை விட்டால் சத்தம் வந்து, அழுத்தினால் நின்றால், கியர்பாக்ஸின் உள்ளீட்டு பேரிங். அது பெரிய வேலை. உங்கள் கடிதப்படி முதலாவதுதான். அந்த பேரிங்கை மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், கிளட்ச் தட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள். முன்னிருந்து பின்னுக்கு வரும் நீண்ட தண்டில் ரப்பர் இணைப்புகள் இருக்கும், அவற்றில் விரிசல் தெரிந்தால் அவையும் மாறட்டும். இந்தத் தண்டு என்ஜின் வேகத்திலேயே சுற்றுவது, பிய்ந்தால் தரையைக் கிழித்துக்கொண்டு வரும்.

உங்களுடையது 3.0 லிட்டரா, 2.5-ஆ என்று எழுதவில்லை. பிரிட்ஸ் ஆலையில் நம் நாட்டுக்கென்று கட்டிய 3.0 என்றால், அடுத்த கடிதத்தில் ஒரு படமும் வைத்து அனுப்புங்கள். மாமாவிடம் மட்டும் காட்ட வேண்டாம்.